ஆண்கள் பக்கமா, பெண்கள் பக்கமா?

பாம்பனை ஒட்டிய எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கின் கோவிலில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமும் அமர்ந்து பூசை காண்பதே வழக்கம். எந்தப் பக்கத்திலும் இடமில்லாத ஒருவரைப் பல ஆண்டுகள் பார்த்தும் பாராமல் இருந்தேன் என்பதையே இங்கே பகிர விரும்புகிறேன்.

அவர் எங்கள் பங்கிலேயே திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்று வளர்ந்த திருநங்கை. கருவாடு வாங்கி விற்பவர். ஞாயிறுதோறும் வாசலருகே, கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவில் நின்றபடியே திருப்பலி காண்பார். கடைத்தெருவில் திருநங்கையர் எவரேனும் கைநீட்டினால் பத்து ரூபாய் கொடுக்க நான் தயங்கியதில்லை. அதுவே பிறரன்பு என்று நம்பியிருந்தேன். ஒரு ஞாயிறு, அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்த என்னை நோக்கி, திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் வேளையில் அவர் கைகூப்பியபோது, குழந்தையின் சட்டையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அவருடைய மணிக்கட்டில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. கடலுக்குப் போய்வரும் என் கணவரின் கையிலும் நாள்தோறும் நான் பார்ப்பது அதே செதில்தான்.

மனம் பொறுக்காமல் பங்குத்தந்தையிடம் சொன்னேன். பால்மாற்று அறுவைச் சிகிச்சையைத் திருச்சபை ஏற்பதில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. 2024 ஏப்ரலில் வத்திக்கான் வெளியிட்ட 'டிக்னித்தாஸ் இன்ஃபினித்தா' (எல்லையற்ற மாண்பு) என்ற ஏடு அவ்வாறே கூறுகிறது. ஆனால் எந்த நிலையிலும் மனிதரின் மாண்பு அழியாது என்பதுதான் அந்த ஏட்டின் அடித்தளம் என்றார். ஆயர் ஒருவர் கேட்ட கேள்விகளுக்கு 2023 அக்டோபர் 31 ஆம் நாளிட்ட விடையில், விசுவாசிகளிடையே இடறலோ குழப்பமோ எழாத சூழலில் திருநங்கையரும் திருநம்பியரும் மற்றவர்களைப் போலவே திருமுழுக்குப் பெறலாம் என்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை தெரிவித்ததையும், அடுத்த மாதமே ஏழைகளுக்கான உலக நாளில் திருத்தந்தை பிரான்சிஸ் அளித்த மதிய விருந்தில் திருநங்கையர் சிலர் விருந்தினராக அமர்ந்ததையும் எடுத்துச் சொன்னார். போதனையை ஏற்பதும் மனிதரை ஏற்பதும் ஒன்றையொன்று தள்ளுபவை என்று நானாக எண்ணியிருந்தது தவறென்று அப்போதுதான் புரிந்தது.

இவை எதையும் அறியாத என் மாமியார், சந்தியாகப்பர் திருவிழா நவநாளில், தம் சேலையை ஒதுக்கிப் பாயில் இடம்விட்டு, அந்தத் திருநங்கையைப் பார்த்து, "ஏன் ஆத்தா நின்னுக்கிட்டே இருக்க, இப்படி வந்து உக்காரு" என்றார். இருவர் எழுந்து வேறிடம் போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, ஏனெனில் அந்தக் குனிவு எனக்கும் தெரியும். அந்த அக்காவோ பாயின் ஓரத்தில், கால்களை முழுவதும் உள்ளிழுத்துக்கொண்டு அமர்ந்தார்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் எங்கள் அன்பியத்தின் செபக்கூட்டம் முதன்முறையாக அவர் வீட்டில் நடந்தது. குறிப்பேட்டில் வீட்டுக்காரர் பெயர் எழுத வேண்டியது என் பொறுப்பு. திருமுழுக்குப் பதிவேட்டில் இருக்கும் பெயர் எனக்குத் தெரியும், ஆனாலும், "உங்கள் பெயரை எப்படி எழுதட்டும், அக்கா?" என்று கேட்டேன். அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்ததும் குறிப்பேட்டை வாங்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.