வளவு மண்ணில ஈயம் இருக்கா எண்டு எங்க சோதிக்கலாம்?

வணக்கம் உறவுகளே. களுவாஞ்சிக்குடியில எங்கட வளவுக்குப் பக்கத்துக் காணியில கனகாலமா பழைய பற்றரி உடைச்சு ஈயம் உருக்கினவங்க. இப்ப அந்த வேலை நிண்டுட்டு. ஆனா ஈயம் உக்கிப்போற சாமான் இல்லையே, மேல்மண்ணிலயே தங்கி நிற்கும். அந்த வேலியோரம்தான் அம்மா பொன்னாங்காணியும் வல்லாரையும் போட்டிருக்கா.

வீட்டில சின்னப் பிள்ளைகள், விளையாட்டெல்லாம் அந்த மண்ணிலதான். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு எண்டு ஒண்டுமே இல்ல எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிள்ளைகள்ட மூளை வளர்ச்சியைத்தான் கூடத் தாக்கும். கீரையைக் கழுவினா மேல ஒட்டின தூசி போகும், உள்ளுக்கு ஏறினது போகாது. எனக்குக் கீரையை விட அந்தப் புழுதியிலதான் பயம்.

வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலயோ வேற எங்கயுமோ தனியாட்கள் குடுக்கிற மண்ணில ஈயம், கட்மியம் மாதிரி நச்சு உலோகங்கள் பார்ப்பாங்களா? வழமையான மண் பரிசோதனையில புளிப்பும் பசளைச் சத்தும்தான் தெரியும், அது எனக்குக் காணாது. மண் எத்தனை இடத்தில, எவ்வளவு ஆழத்தில எடுக்கணும்? சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைச்சா பயிர் உறிஞ்சிறது குறையும்தான், ஆனா சோதிக்காமப் போட விருப்பமில்ல.

பிள்ளைகளுக்கு இரத்தத்தில ஈயம் பார்க்க மட்டக்களப்பில வசதி இருக்கா? தெரிஞ்சவங்க தயவுசெய்து சொல்லுங்க. அதுவரைக்கும் கீரை பிடுங்க வேணாம் எண்டு அம்மாக்குச் சொல்லியிருக்கன்.