பவர் பிஐ-யில் 1700000000 போன்ற எண்ணைத் தேதியாக மாற்றுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தள டேபிளில் ஆர்டர் பதிவான நேரம் 1700000000 என்பதுபோலப் பத்து இலக்க எண்ணாக இருக்கிறது. பவர் குவெரியில் (பவர் பிஐ-க்குள் தரவைச் சீர்செய்யும் பகுதி) அந்த நெடுவரிசையின் வகையை 'டேட்/டைம்' என்று மாற்றினால் எல்லா வரியிலும் எரர். எக்செல்லில் ஒட்டித் தேதி ஃபார்மட் கொடுத்தால் வெறும் ##### தான். தேடிக் கிடைத்த ஒரு ஃபார்முலாவைப் போட்டால் ஆர்டர் எல்லாமே 20-01-1970 என்று வருகிறது. நாள்வாரி விற்பனை ரிப்போர்ட்டுக்கு இந்திய நேரப்படி தேதி வேண்டும். எங்கே தப்பு?

பதில் 1:
உங்கள் எண், 1970 ஜனவரி 1 யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து ஓடிய விநாடிகள். எக்செல்லும் பவர் குவெரியும் அதை நாள்கணக்காக எடுத்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கில் 31-12-9999-க்கே 2958465 தான் வரும். 170 கோடியைக் கொடுத்தால் எரர் வராமல் என்ன செய்யும்?

உங்களுக்குக் கிடைத்த ஃபார்முலா மில்லிவிநாடிக்கு எழுதியது. அது 1000-ஆல் வகுத்துவிடுவதால் 1000 நாள் விற்பனை ஒரே தேதிக்குள் ஒடுங்கிவிடும். 08-01-2022 முதல் 03-10-2024 வரை யூடிசியில் பதிவான எல்லாமே 20-01-1970 ஆகிவிடும்.

பவர் குவெரியில் முதலில் நெடுவரிசையை 'முழு எண்' வகைக்கு மாற்றுங்கள். டெக்ஸ்ட்டாக இருந்தால் அடுத்த படி நிற்கும். பிறகு புதிய கஸ்டம் நெடுவரிசை ஒன்றில் இப்படிக் கொடுங்கள்:

#டேட்டைம்(1970, 1, 1, 0, 0, 0) + #டியூரேஷன்(0, 5, 30, உங்கள் நெடுவரிசை)

டைப் செய்யும்போது கட்டளைகள் ஆங்கிலச் சிறிய எழுத்தில், நெடுவரிசைப் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள். டியூரேஷனுக்குள் இருப்பவை வரிசையாக நாள், மணி, நிமிடம், விநாடி. 5, 30 இரண்டும் இந்திய நேரத்துக்கானவை. 1700000000-க்கு 15-11-2023 அதிகாலை 03:43:20 வந்தால் சரி. 14-11-2023 இரவு 22:13:20 வந்தால் ஐந்தரை மணி நேரம் சேரவில்லை என்று பொருள்.

எக்செல்லில் =(ஏ2+19800)/86400+25569. இதில் 19800 என்பது ஐந்தரை மணி நேரத்தின் விநாடிகள், 86400 ஒரு நாளின் விநாடிகள், 25569 என்பது 01-01-1970-க்கு எக்செல் வைத்திருக்கும் எண்.

பதில் 2:
மேலே சொன்னதோடு நிறுத்தினால் அடுத்து டேட் டேபிளில் (நாளுக்கு ஒரு வரி வீதம் தேதிகள் மட்டும் உள்ள டேபிள்) மாட்டுவீர்கள். இரண்டு டேபிளையும் தேதி வழியாக இணைக்கும் உறவு (ரிலேஷன்ஷிப்) போட்டபின் விற்பனை முழுக்க 'பிளாங்க்' என்ற ஒரே வரியில் போய் விழும். டேட் டேபிளில் 15-11-2023 00:00:00 இருக்கும், உங்களிடம் 03:43:20 இருக்கும். பார்க்க ஒரே தேதி, மதிப்பு வேறு. ஃபார்மட்டை மாற்றி நேரத்தை மறைத்தாலும் இது தீராது. பவர் குவெரியிலேயே 'டேட் ஒன்லி' கொடுத்துத் தனி நெடுவரிசை எடுத்து, அதை வைத்து உறவு போடுங்கள். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிய பிறகுதான் நேரத்தை வெட்ட வேண்டும். வரிசை மாறினால் நள்ளிரவு முதல் 5:30 வரையிலான ஆர்டர்கள் முந்தைய நாள் கணக்கில் சேர்ந்துவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, தேதி வந்துவிட்டது. ஆனால் மொபைல் ஆப் வழியாக வந்த வரிகளில் மட்டும் இன்னும் எரர். சில வரிகளில் 01-01-1970 05:30 என்று இருக்கிறது.

பதில் 1:
ஆப் வரிகளின் இலக்கத்தை எண்ணிப் பாருங்கள், 13 இருக்கும். அவை மில்லிவிநாடி. எண் 100000000000-க்கு மேல் இருந்தால் 1000-ஆல் வகுத்துவிட்டு ஃபார்முலாவுக்குள் அனுப்பும்படி நிபந்தனை வையுங்கள். விநாடியாக எடுத்தால் அந்த எல்லை 5138-ஆம் ஆண்டு, மில்லிவிநாடியாக எடுத்தால் 1973. நிஜ ஆர்டர் எதுவும் குழம்ப வழியில்லை. 01-01-1970 05:30 வரும் இடத்தில் மூலத்தில் 0 இருக்கிறது, அதாவது நேரமே பதிவாகவில்லை. அதை 'நல்' (null, வெற்று மதிப்பு) ஆக்குங்கள், இல்லையென்றால் சார்ட்டின் அச்சு 1970-இலிருந்து தொடங்கும்.

பதில் 3:
மைஎஸ்க்யூஎல் பக்கமே மாற்றலாம் என்று யாராவது சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த எண்ணைத் தேதியாக்கும் 'ஃப்ரம் யூனிக்ஸ்டைம்' என்ற மைஎஸ்க்யூஎல் கட்டளை, செஷனின் (அப்போதைய தரவுத்தள இணைப்பின்) நேர மண்டலப்படிதான் விடை தரும். செஷன் இந்திய நேரத்தில் இருந்து, பவர் குவெரியிலும் ஐந்தரை மணி கூட்டினால் இரண்டு முறை கூடிவிடும். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் கூட்டுங்கள்.

வடிகட்டும்போது நெடுவரிசையைத் தேதியாக மாற்றி ஒப்பிடாதீர்கள். அப்படிச் செய்தால் அதன் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) பயன்படாது, பெரிய டேபிளில் குவெரி இழுக்கும். எல்லையை எண்ணாக்குங்கள். இந்திய நேரப்படி 15-11-2023 முழு நாளும் வேண்டுமென்றால் 1699986600 அல்லது அதற்கு மேல், 1700073000-க்குக் கீழ். மேல் எல்லைக்குச் சமக்குறி போட்டால் மறுநாளின் முதல் விநாடியும் உள்ளே வந்துவிடும்.