சம்பளச் சீட்டில் வராத பிடித்தம்: வட சென்னை அனுபவங்கள்

ஓய்வுபெற்ற ஃபிட்டர், பெரம்பூர்:

போன வாரம் இந்தக் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். "மார்க்சியம் பேசுறவங்க எல்லாத்தையும் முதலாளி, தொழிலாளி என்று முடித்துவிடுகிறீர்கள். சாதியை எங்கே வைப்பீர்கள்?" நியாயமான கேள்விதான். தத்துவமாகப் பதில் சொல்ல இங்கே பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். நீங்களும் உங்களுடையதை எழுதுங்கள்.

மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். நான் அங்கே பர்மனென்ட், செங்கொடிச் சங்கம். நான் சேர்ந்த காலத்தில் காண்ட்ராக்ட் என்றால் லோடு ஏற்றுகிறவர்கள், தோட்டக்காரர், கேன்டீன் ஆட்கள், அவ்வளவுதான். நான் ரிட்டையர் ஆகி வெளியே வரும்போது எங்களைவிட அவர்கள்தான் அதிகம். ஷட்டவுன் வந்தால் ஒரே வால்வை நானும் கழற்றுவேன், காண்ட்ராக்ட் பையனும் கழற்றுவான். அதே ஸ்பேனர், அதே கேஸ் நெடி. அவன் சம்பளம் என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

சம்பள நாளன்று கேட்டுக்கு எதிரே டீக்கடையில் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வந்து உட்காருவார். சட்டைப் பையில் ஒரு கட்டு ஏடிஎம் கார்டு, ரப்பர் பேண்ட் போட்டு. ஒவ்வொரு கார்டின் உறையிலும் பால்பாயின்ட் பேனாவில் பெயரின் முதல் எழுத்தும் நான்கு இலக்க பின் நம்பரும் எழுதியிருக்கும். பக்கத்து ஏடிஎம்மில் வரிசையாக எடுப்பார், தன் கணக்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார். காகிதத்தில் எல்லாம் சுத்தம். குறைந்தபட்சக் கூலி வங்கியில் ஏறியிருக்கிறது, பி.எஃப். பிடித்திருக்கிறது, இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. "ஏன்பா, அவங்க கார்டை அவங்ககிட்டயே குடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன். சிரித்தார். "குடுத்தா தொலைச்சிடுவானுங்கண்ணே."

உபரி மதிப்பு என்று மார்க்ஸ் சொல்வதைப் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குப் புரியவைக்கப் படாதபாடு படுவோம். நாள் முழுக்கச் செய்த வேலைக்குத்தான் கூலி என்று தோன்றும்; அதில் எவ்வளவு நேரம் முதலாளிக்குச் சும்மா உழைத்தோம் என்பது வெளியே தெரியாது. அந்த டீக்கடையில் பாடமே நடத்த வேண்டாம். அதற்கு மேலும் ஒரு கை எடுப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டே டீ குடித்தோம்.

சரி, சாதி எங்கே? அந்தக் கார்டுக் கட்டுக்குள்தான். சாரம் கட்டுகிறவர்கள் பீகார், ஒடிசா. எலெக்ட்ரிகல் ஆட்கள் பல ஊர். ஹவுஸ்கீப்பிங் என்று ஒரு கேங் உண்டு. கக்கூஸ், சாக்கடை, ஸ்லட்ஜ் தொட்டி எல்லாம் அவர்கள். அந்த கேங் மட்டும் மொத்தமாக ஒரே ஏரியாவின் நாலைந்து தெருக்கள், ஒரே சாதி. சாரத்துக்கு ஆள் குறைந்தால் சூப்பர்வைசர் வழியில் போகிறவனைக்கூடக் கூப்பிடுவார். ஸ்லட்ஜ் தொட்டிக்கு ஆள் குறைந்தால் ஆலை வாசலில் வேலை கேட்டு நிற்பவனைக் கூப்பிட மாட்டார். அந்தத் தெருவுக்கே டெம்போவை அனுப்புவார். இந்த வேலைக்கு இவர்கள்தான் என்று எந்த டெண்டரிலும் எழுதியிருக்காது. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

ஒருமுறை சங்கக் கூட்டத்தில், காண்ட்ராக்ட் தொழிலாளிகளையும் கேன்டீனில் சாப்பிட விட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தோம். சைக்கிள் ஸ்டாண்டு ஓரம்தான் அவர்கள் டப்பாவைத் திறப்பார்கள். நிர்வாகம் மறுக்கும் என்று தயாராகப் போனோம். மறுத்தது நம் ஆட்கள். "சாக்கடையில் இறங்கிய கையோடு வந்து அதே தட்டில் சாப்பிடுவாங்களா?" குளித்துவிட்டு வரட்டுமே என்றேன். எங்கே குளிப்பது? குளியலறை பர்மனென்டுக்குத்தான், அதுவும் எங்கள் சங்கம் போராடி வாங்கியது. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. நான் ரிட்டையர் ஆகும்வரை அந்த அடுத்த கூட்டம் வரவில்லை.

பிறகு அந்த ஹவுஸ்கீப்பிங் கேங் போனஸ் கேட்டு ஆலை வாசலில் உட்கார்ந்தது. நாங்கள் எல்லோரும் வருகைக் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போனோம், வேலை நடந்தது. சாதி என்பது சாதம் சாப்பிடும் இடத்தில் இருக்கிற பழைய வழக்கம், சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் அந்தக் காலையைப் பார்த்திருக்க வேண்டும். எங்களைப் பிரித்து வைக்க நிர்வாகம் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யவில்லை.

*

புளியந்தோப்புப் பொண்ணு:

ஐயா, நீங்க தெருவுக்கு டெம்போ வரும்னு எழுதினீங்களே, அந்த மாதிரி ஒரு தெருதான் எங்களுடையது.

அம்மா தூய்மைப் பணியாளர். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்களே, அதில் அம்மாவும் இருந்தாங்க. ஆகஸ்டு 1ஆம் தேதி தொடங்கி 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தும்வரை. மாதம் சுமார் 23,000 வாங்கிக்கொண்டிருந்தவர்கள், கம்பெனிக்குப் போனால் 17,000கூட வராது என்பதுதான் உடனடிக் கவலை. கேட்டது பணி நிரந்தரம்.

அம்மா வருஷக்கணக்காகக் கூட்டுகிற ஒரு தெருவிலிருந்து ஒரு ஆன்ட்டி பார்க்க வந்தாங்க. நல்லவங்க. இட்லி கட்டிக்கொண்டு வந்தாங்க, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாங்க. கிளம்பும்போது சொன்னாங்க: "உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல பர்மனென்ட்? பொண்ணுதான் படிச்சிருக்காளே, இந்த வேலையை விட்டுடுங்க." அம்மா சிரிச்சுக்கிட்டே, "நான் விட்டா உங்க தெருவை யாரும்மா கூட்டுவாங்க?" என்று கேட்டாங்க. ஆன்ட்டி யோசிக்காமல், "வேற யாராவது உங்காளுங்க வருவாங்க இல்ல" என்றாங்க.

அவங்க மனசில் கெட்டது எதுவும் இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று. இந்த வேலை நிரந்தரம், அரசுச் சம்பளம் என்றால் மற்றவர்களும் வருவாங்க. 2019இல் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தபோது இன்ஜினியரிங் படித்தவர்கள் விண்ணப்பித்தது பேப்பரில் வந்ததே. அப்போ வேலை அழுக்கு என்பது மட்டும் காரணமில்லை. பாதுகாப்பும் சம்பளமும் இருந்தால் அழுக்கு வேலைக்கும் போட்டி வரும். இரண்டையும் உருவிவிட்டால் எங்கள் தெரு மட்டும் மிஞ்சும்.

*

கொருக்குப்பேட்டை:

எல்லாம் சரி. ஆனா இப்ப யாருங்க சாதி பாக்குறாங்க? இது பணப் பிரச்சினை. நாலு காசு சேர்ந்தா எல்லாரும் சார்தான். எதுக்கெடுத்தாலும் சாதியை இழுத்தா தொழிலாளி ஒற்றுமைதான் கெடும்.

*

வியாசர்பாடி, சாஃப்ட்வேர்:

கொருக்குப்பேட்டை அண்ணா, நாலு காசு சேர்ந்தவன் எழுதுகிறேன்.

ஓஎம்ஆரில் வேலை. சம்பளம் பரவாயில்லை, கடனை ஒழுங்காகக் கட்டுவேனா என்று காட்டும் சிபில் ஸ்கோர் 780க்கு மேல். பைக் லோன் கேட்டேன். ஷோரூமில் உட்கார்ந்திருந்த ஃபைனான்ஸ் பையன் சம்பளச் சீட்டைப் பார்த்து, "சார், அஞ்சு நிமிஷத்துல அப்ரூவல்" என்றான். காபி வந்தது. ஆதாரில் இருந்த முகவரியை டைப் பண்ணினான், நிறுத்தினான். யாருக்கோ போன் பேசினான். வந்து, குரலைத் தாழ்த்தி, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க ஏரியா எங்களுக்கு நெகட்டிவ்ல வருது. வேற அட்ரஸ் ஏதாவது இருக்கா? அண்ணா நகர், கொளத்தூர்ல சொந்தக்காரங்க வீடு?" என்று கேட்டான். பாவம், அவன் வீடு எங்கே என்று கேட்டேன். எருக்கஞ்சேரி, எங்கள் பக்கத்து ஏரியா. ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஏரியா என்பது எங்களிடம் சாதி கேட்காமல் சாதி கேட்கும் முறை. வாடகைக்கு வீடு தேடும்போது, இன்டர்வியூவில் "நேட்டிவ் எங்கே?" என்று ஆரம்பிக்கும்போது, அதே கதைதான். கல்லூரியில் கூடப் படித்த பாதிப் பேர் பயோடேட்டாவில் 'பெரம்பூர்' என்று போடுவார்கள். ரவுடி ஏரியா என்று சினிமா காட்டிக் காட்டி வைத்திருக்கிறது. கால்பந்தும் கேரமும் பாக்ஸிங்கும் அதே சந்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் கேள்வி வேறு. பவர் ஸ்டேஷன் சாம்பல், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம், நிலக்கரி, ஊரின் பாதிக் குப்பை, எல்லாவற்றையும் வடக்கில் வைத்துவிட்டு, அங்கே இருக்கிறவனின் முகவரியை நெகட்டிவ் என்று எழுத எப்படி மனசு வருகிறது? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது, அந்த மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் ராத்திரி அமோனியா கசிந்து ஜனங்கள் ரோட்டில் ஓடினார்கள். லாபம் எந்த ஏரியாவில் போய்ச் சேர்கிறது? உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2022-23இல் இந்தியாவின் மேல்தட்டு 1 சதவீதத்தினர் கையில் நாட்டின் சொத்தில் 40.1 சதவீதம். அந்த 1 சதவீதத்தில் கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கம் வீடு உள்ளவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்க்கிறேன்.

*

ஓய்வுபெற்ற ஃபிட்டர், பெரம்பூர்:

கொருக்குப்பேட்டை தோழர் சொன்ன ஒற்றுமைக்கு வருகிறேன். சாதியைப் பேசினால் ஒற்றுமை கெடும் என்பது என் சங்கத்திலும் அடிக்கடி கேட்ட வாதம். நம் பேட்டையின் வரலாறு வேறு மாதிரிச் சொல்கிறது.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று நாம் மார்தட்டும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27 அன்று பின்னி மில் தொழிலாளிகளை வைத்துத்தான் பிறந்தது. அதை அமைத்தவர்களில் வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் எல்லோரும் இருந்தார்கள். அப்போதைய பெரிய குறைகளில் ஒன்று, சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. மூன்று வருஷம்தான். 1921இல் அதே பின்னி மில்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அப்படித்தான் அறிவுறுத்தினார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, தொழிலாளியைத் தொழிலாளி வெட்டினான், ஆகஸ்டில் போலீஸ் சுட்டதிலும் ஆட்கள் செத்தார்கள். மாதக்கணக்கில் நீண்டு வேலைநிறுத்தம் தோற்றது.

இதைக் 'கருங்காலிகள் காட்டிக்கொடுத்தார்கள்' என்று ஒரே வரியில் முடிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. மாசக்கணக்கில் கூலி இல்லாமல் தாக்குப்பிடிக்க ஊரில் நிலமோ, கடன் கொடுக்க உறவோ அவர்களுக்கு இல்லை. சங்கத்தில் இருந்தவன் தெருவில் அவர்களைத் தள்ளி நிறுத்தியவன்தான். அவனை நம்பிப் பட்டினி கிட என்றால் எப்படி? சாதியைப் பேசாமல் விட்டதால் வந்த ஒற்றுமை எத்தனை நாள் தாங்கியது என்று பாருங்கள்.

பம்பாய் பஞ்சாலைகளிலும் அப்படித்தான். நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அறுந்த நூலை வாயில் வைத்து ஒட்ட வேண்டிவரும், எச்சில் படும் என்று தலித் தொழிலாளிகளை அந்தப் பிரிவில் விடவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைக் கம்யூனிஸ்டுத் தலைவர்களிடம் எடுத்து வைத்தார். சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, உழைப்பாளிகளையே பிரித்து மேல்கீழாக அடுக்குகிறது என்று பின்னால் அவர் சொன்னதற்கு இந்த மாதிரி விஷயங்கள்தான் அடித்தளம்.

மார்க்ஸ் 1853இல் எழுதினார், ரயில் வந்து நவீனத் தொழில் வந்தால் சாதி நிற்கிற பரம்பரைத் தொழில் பிரிவினை கரைந்துவிடும் என்று. மூன்றே வருஷத்தில், 1856இல், நம் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியது. கரைந்தது கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. என் அப்பா சேரியை விட்டுப் பட்டறைக்குப் போனது அந்தத் தண்டவாளத்தால்தான். ஆனால் அந்தத் தண்டவாளத்தில் விழுந்த மலத்தை நூற்றாண்டுக்கு மேல் யார் அள்ளினார்கள் என்பதும் நமக்குத் தெரியும். மார்க்ஸ் எதிர்பாராதது இதுதான்: மூலதனத்துக்குச் சாதி இடைஞ்சலாக இருக்கும் என்று நினைத்தார், அது மூலதனத்துக்கு மலிவான ஆள்பிடி ஏஜென்டாக வேலை செய்கிறது. அவர் முறையை வைத்தே அவரைத் திருத்தலாம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

*

கொருக்குப்பேட்டை:

சரி ஐயா, படிச்சேன். கேன்டீன் விஷயம் இன்னும் அப்படியேதான் இருக்கா?

*

ஓய்வுபெற்ற ஃபிட்டர், பெரம்பூர்:

அப்படியேதான். கேன்டீனையும் இப்போது காண்ட்ராக்டுக்கு விட்டுவிட்டார்கள்.

*

ஹைகோர்ட் குமாஸ்தா, தண்டையார்பேட்டை:

காண்ட்ராக்டில் இருக்கிறவர்கள் யாராவது படித்தால், ஒரு நடைமுறை விஷயம். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு: இருபத்து நான்கு மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தர அந்தஸ்து கேட்கலாம். அதற்காகவே காண்ட்ராக்டர் பெயரை மாற்றுவார்கள், நடுவில் பிரேக் காட்டுவார்கள். எங்களிடம் வருகிற கேஸ்களில் பாதி, வேலை செய்ததற்குக் காகிதம் இல்லாமல் படுத்துவிடும். கேட் பாஸ், இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். பாஸ்புக், ஷிஃப்ட் போட்ட வாட்ஸப் மெசேஜ், எதையும் தூக்கிப் போடாதீர்கள். கம்பெனி மாறினாலும் பி.எஃப். கணக்கில் பழைய காண்ட்ராக்டர் பெயர் நிற்கும். ஏடிஎம் கார்டு சூப்பர்வைசரிடம் இருந்தால், வங்கிக்குப் போய்த் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துப் புதுக் கார்டு வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், கேங்கில் பத்துப் பேராவது ஒரே நாளில் போங்கள். ஒருவர் போனால் மறுநாள் வேலை இருக்காது.

புளியந்தோப்புத் தங்கச்சி, அம்மாவிடம் பழைய சம்பள விவரம் இருந்தால் நகல் எடுத்து வைக்கச் சொல்லும்மா. ஒரிஜினலை யாருக்கும் கொடுக்க வேண்டாம், சங்கத்துக்கும்கூட.