குசாமாவின் வலைக்கு முன்னால் நின்றவர்கள்

ஜப்பானிய ஓவியர் யாயோய் குசாமா என்றாலே எல்லோருக்கும் மஞ்சள் பூசணிக்காயும் கண்ணாடி அறையும்தான். எனக்கு அவருடைய வலைகள். 'இன்ஃபினிட்டி நெட்ஸ்' (முடிவில்லா வலைகள்) வரிசையில் வரும் 'நம்பர் எஃப்' ஓவியத்தை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமாவில் பார்த்தேன். 1959-இல் வரைந்தது, அகலம் 132 சென்டிமீட்டர்தான். தள்ளி நின்றால் வெளுத்துப்போன சுவர். கிட்டே போகப் போகத்தான் வளைவுகள் தெரிய ஆரம்பிக்கின்றன. சின்னதாக ஒரு வளைவு, அதை ஒட்டி இன்னொன்று, அப்படியே ஓரம் வரைக்கும். நடு, மூலை, முக்கியமான இடம் என்று எதுவும் கிடையாது.

கண்ணில் முதலில் படுவது புள்ளிகள். ஆனால் புள்ளிகளை அவர் வரையவே இல்லை! வெள்ளை வளைவுகளுக்கு நடுவே மூடாமல் விட்ட இடம்தான் புள்ளியாகத் தெரிகிறது. சில இடத்தில் பெயின்ட் தடித்துப் புடைத்திருக்கிறது, சில இடத்தில் மெலிந்து அடியிலிருக்கும் நிறம் எட்டிப் பார்க்கிறது. குரோஷா பின்னுகிறவர்கள் ஒரு வரிசையை இறுக்கி, அடுத்ததைத் தளர்த்துவார்களே, அந்த மாதிரி. போன் படத்தில் இது எதுவும் வராது. "ஒரே மாதிரிதானே இருக்கு" என்பவர்கள் பெரும்பாலும் போனில் பார்த்தவர்கள்தான்.

அவர் 1957-இல் ஜப்பானிலிருந்து அமெரிக்கா வந்தார். அப்போது நியூயார்க்கில் கையை வீசி, பெயின்டைத் தெளித்து வரைவதற்குத்தான் மவுசு. இவரோ மணிக்கட்டை மட்டும் அசைத்து கேன்வாஸை நிரப்பினார். 1959 அக்டோபரில் பிராட்டா கேலரியில் வெள்ளை வலைகளைக் காட்டியபோது, விமர்சகராக இருந்த டொனால்ட் ஜட் பாராட்டி எழுதினார். அதோடு நிற்காமல் ஒன்றை வாங்கியும் விட்டார். இந்த வரிசையில் ஒன்று, 'வைட் நம்பர் 28', 2014-இல் 71 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

* * *

வேறு சில வலை ஓவியங்களை நான் பார்த்தது சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில், 2017-இல் நடந்த குசாமா கண்காட்சியில். கண்ணாடி அறைக்கு ஏகப்பட்ட வரிசை, வலை ஓவியங்கள் பக்கம் ஆளே இல்லை. நிம்மதியாக நின்று பார்த்தேன். பக்கத்தில் ஒருவர், "இவங்க மனநல மருத்துவமனையில இருக்காங்க, அதான் இப்படி" என்று நண்பருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். 1977-இலிருந்து தன் விருப்பத்தில் டோக்கியோ மருத்துவமனையில் இருக்கிறார் என்பது உண்மைதான். சிறுவயதில் மேஜைவிரிப்பின் சிவப்புப் பூக்கள் கூரையெல்லாம் பரவியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால், கேன்வாஸில் தெரிகிற கைத்திறன் காணாமல் போய்விடும். நோய் தானாக வந்து வண்ணத்தின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்காதே. பசிபிக் கடலை விமானத்திலிருந்து பார்த்ததும் இந்த வலைகளுக்கு ஒரு காரணம் என்கிறார்கள். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

* * *

ஜப்பான் போகிறவர்கள் அவருடைய சொந்த ஊரான மாட்சுமோட்டோவின் நகரக் கலை அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். டோக்கியோவில் ஷின்ஜுகு பக்கம் 2017-இல் திறந்த குசாமா அருங்காட்சியகத்துக்கு ஆன்லைனில் நேரம் குறித்து டிக்கெட் எடுத்துவிட்டுப் போங்கள். வாசலில் போய் வாங்க முடியாது.