25 மீட்டர் குளத்தில் பழகி ஃப்ரீஸ்டைலில் பெரிய அளவுக்குப் போக முடியுமா?

கன்னங்குறிச்சி அம்மா:
மகளுக்கு 13 வயது. ஓமலூரில் தாத்தா தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவள். இப்போது 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்துகிறாள். சேலத்தில் நாங்கள் போகும் குளம் 25 மீட்டர்தான். சென்னை வேளச்சேரியில் 50 மீட்டர் குளத்தில் இறங்கியதும் வழக்கத்தைவிட நிறைய விநாடி கூடிவிட்டது. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஊர் வந்து சேரும்வரை வாயே திறக்கவில்லை. சென்னைக்கே குடிபோய்விடுங்கள் என்கிறார்கள். போகத்தான் வேண்டுமா?

அஸ்தம்பட்டி நீச்சல்காரன்:
முதலில் பாப்பாவிடம் சொல்லுங்கள் அம்மா, அவள் வேகம் குறையவில்லை. 400 மீட்டருக்கு 25 மீட்டர் குளத்தில் 15 முறை திரும்புவோம், 50 மீட்டரில் 7 முறைதான். சுவரை உதைத்துக் கிளம்பும்போது வரும் வேகம் கை போட்டு வராது. அந்த 8 உதை அங்கே கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உலக சாதனையையே இரண்டு குளத்துக்கும் தனித்தனியாகத்தான் எழுதுகிறார்கள்.

அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கியைப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் நடப்பது பெரும்பாலும் 25 கெஜக் குளத்தில்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காக அதில் நீந்தியவர்தான் 800 மீட்டரில் 2012 முதல் 2024 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினார். முதல் தங்கத்தின்போது வயது 15. 2025 மே மாதம், 28 வயதில், அதே 800 மீட்டரில் தன் உலக சாதனையைத் தானே உடைத்து 8 நிமிடம் 4.12 விநாடி என்று ஆக்கினார். நெடுந்தூர ஃப்ரீஸ்டைலில் காலம் நிறைய இருக்கிறது, 13 வயதில் பதறாதீர்கள்.

வீடு மாற வேண்டாம். வாரத்தில் சில நாள் சுவரைத் தொடாமல், உதைக்காமல் திரும்பி நீந்தட்டும். ஒவ்வொரு முறையும் நின்றுபோன வேகத்தைக் கையாலேயே மீட்க வேண்டும், தோள் கெஞ்சும். நீண்ட குளத்தின் பின்பாதிக்கு இதுதான் பழக்கம்.

ஆத்தூர் அப்பா:
சரியாகச் சொன்னீர்கள். ஒன்று சேர்க்கிறேன்: போட்டிக்கு முதல் நாளே போய் அந்தக் குளத்தில் நீந்திப் பார்க்கட்டும். என் பையன் முதல் 100 மீட்டரை அடித்துப் பிடித்துப் போய்விட்டுக் கடைசியில் தவிப்பான். நீளம் கண்ணுக்குப் பழகியதும் நிதானம் வந்தது.

கன்னங்குறிச்சி அம்மா:
ரொம்ப நன்றிங்க. படித்துக் காட்டினேன், இன்றைக்கே செய்கிறேன் என்கிறாள். சுவருக்கு எவ்வளவு முன்னால் திரும்ப வேண்டும்?

அஸ்தம்பட்டி நீச்சல்காரன்:
குளத்தின் அடியில் ஓடும் கறுப்புக் கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்னால் ஒரு குறுக்குக் கோட்டோடு முடியும். அதைக் கண்டதும் திரும்பட்டும். கூட்டம் இல்லாத நீச்சல் தடமாகக் கேட்டு வாங்குங்கள், பின்னால் வரும் பிள்ளை மோதிவிடும்.