மெயில் புரோகிராமில் லாகின் ஆகவில்லை, பிரவுசரில் ஆகிறது. அவசரம்

அச்சகக்காரன், காலை 10:12
வணக்கம். நேற்று ராத்திரி வரை நன்றாக இருந்தது. காலையிலிருந்து பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சரியாகத்தான் போடுகிறேன், அதே பாஸ்வேர்டில் குரோமில் திறக்கிறது. மூன்று கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் அனுப்ப வேண்டும், ஒன்று சாயங்காலம் பிளேட்டுக்கு (அச்சுத் தகட்டுக்கு) போகணும். உடனே சொல்லுங்கள்.

வைகைக்கரை, 10:20
எந்த புரோகிராம்? யாருடைய மெயில்? மெயில் சர்வரிலேயே இருக்கும் ஐமேப் செட்டிங்கா, கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 செட்டிங்கா? வரும் பிழைச்செய்தியை அப்படியே எழுதுங்கள் அண்ணே.

தேனிக்காரன், 10:24
ஆன்ட்டிவைரஸை நிறுத்திப் பாருங்கள். மெயிலை சோதிக்கிறேன் என்று நடுவில் புகுந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

வைகைக்கரை, 10:27
அப்படியானால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்றுதான் வரும் தேனி. இவருக்குப் பாஸ்வேர்ட் கேட்கிறது.

மலைக்கோட்டை, 10:31
ஜிமெயில் என்றால் 'பாதுகாப்பு குறைந்த ஆப்'களை அனுமதிக்கும் சுவிட்ச் இருக்கும். ஆன் செய்யுங்கள்.

பழையகை, 10:38
தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழியை 2022 மே 30-லேயே மூடியாயிற்று. இதே பதிலை எத்தனை தடவைதான் எழுதுவது? தெரியாதவர்கள் பதில் சொல்வதும், கேட்பவர் தேடிப் பார்க்காமல் கேட்பதும் மாறவே மாட்டேன் என்கிறது.

அச்சகக்காரன், 10:52
மன்னிக்கவும், கடையில் ஆள் வந்துவிட்டார். தண்டர்பேர்ட், ஜிமெயில், பாப்3. விண்டோஸ் 7. முதலில் 'யூசர்நேம் அண்ட் பாஸ்வேர்ட் நாட் அக்செப்டட்' என்று வந்தது. பாஸ்வேர்டைத் திரும்ப அடித்த பிறகு 'அப்ளிகேஷன் ஸ்பெசிஃபிக் பாஸ்வேர்ட் ரிக்வயர்ட்' என்று வருகிறது.

மலைக்கோட்டை, 10:55
அக்கவுண்டை டெலிட் செய்துவிட்டுப் புதிதாகச் சேர்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

வைகைக்கரை, 10:57
வேண்டாம் அண்ணே, தொடாதீர்கள்! பாப்3-இல் இறக்கிய மெயில் உங்கள் டிஸ்க்கில் மட்டும் இருக்கலாம். அக்கவுண்டை நீக்கும்போது 'தரவையும் நீக்கு' என்பதில் டிக் விழுந்தால் பழைய ஆர்டர் எல்லாம் போய்விடும். ஒன்று சொல்லுங்கள், நேற்று ஏதாவது மாற்றினீர்களா?

அச்சகக்காரன், 11:03
பையன் ராத்திரி போனில் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றினான். புது பாஸ்வேர்டைத்தானே போடுகிறேன், அதனால் எழுதவில்லை.

வைகைக்கரை, 11:11
அதுதான் விஷயம். உங்களுக்கு இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு இருக்கிறது. முன்பு யாரோ 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் (இந்த மாதிரி புரோகிராமுக்கென்று கூகுள் தனியாகத் தருவது) எடுத்து தண்டர்பேர்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் தானாக ரத்தாகிவிடும். குரோமில் போடுவதை இங்கே போட்டாலும் ஏற்காது, இரண்டாவது செய்தி அதைத்தான் சொல்கிறது.
அக்கவுண்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸ் போய், ஆதென்டிகேஷன் மெதடை 'ஓஆத்2' (கூகுளின் சொந்தச் சாளரத்திலேயே லாகின் செய்யும் முறை) ஆக்குங்கள். போர்ட் 995 அப்படியே இருக்கட்டும். சேமித்த பாஸ்வேர்ட் பட்டியலில் ஜிமெயில் வரிகளை அழித்துவிட்டு மூடித் திறங்கள். கூகுள் லாகின் சாளரம் வரும், அங்கே புது பாஸ்வேர்ட். சாளரம் வெறுமையாக நின்றால் தண்டர்பேர்டில் குக்கீ அனுமதி இருக்கிறதா பாருங்கள்.

பழையகை, 11:15
2024-ஐத் தாண்டியும் பாப்3! ஐமேப்பில் இருந்திருந்தால் டெலிட் பயமே இல்லை.

தறிநெய்வோன், 11:22
ஐயா, ஒவ்வொரு பத்திரிகை ஃபைலும் கனமானது. ஜிமெயிலில் இலவசம் 15 ஜிபி, அதிலும் டிரைவும் போட்டோவும் பங்கு. கடைக்காரர் மெயிலை இறக்கி வைத்துக்கொள்வதில் என்ன தப்பு?

பழையகை, 11:26
டிஸ்க் போனால்?

தறிநெய்வோன், 11:29
தண்டர்பேர்ட் மெயிலை வைத்திருக்கும் புரொஃபைல் ஃபோல்டரை வாராவாரம் வேறு டிஸ்க்கில் காப்பி எடுக்கிறேன். நீங்கள் வழங்கியில் (சர்வரில்) இருப்பதைக் காப்பி எடுத்திருக்கிறீர்களா? ஐமேப்பில் தவறி அழித்தால் எல்லா இடத்திலும் அழியும்.

தேனிக்காரன், 11:34
அவர் பத்திரிகை போகட்டும், அப்புறம் சண்டை போடுங்கள்.

அச்சகக்காரன், 12:40
மெயில் வருகிறது. அனுப்பினால் மறுபடி பாஸ்வேர்ட் கேட்கிறது.

வைகைக்கரை, 12:44
அனுப்பும் வழங்கி தனி. அக்கவுண்ட் செட்டிங்ஸில் இடப்பக்கப் பட்டியலின் கடைசியில் 'அவுட்கோயிங் சர்வர்' இருக்கும், அதிலும் ஓஆத்2.

அச்சகக்காரன், மாலை 5:18
போய்விட்டது. பெண் வீட்டார் ஓகே சொல்லிவிட்டார்கள், பிளேட் ஓடுகிறது. நன்றி தம்பி.