சுப்பீரியன் வலது பக்கம் சாய்கிறது, எந்த மூட்டு என்று கண்டுபிடிக்க உதவுங்கள்

குளச்சல் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளில் 2015 காம்பைனர் வார்ஸ் வரிசையில் வந்த சுப்பீரியன் இருக்கிறது, ஐந்து விமான ரோபோக்கள் சேர்ந்து ஒரே ஆளாக நிற்குமே, அது. ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்க இரண்டு வருஷம் ஆனது, நடு உடம்பாக வரும் சில்வர்போல்ட் கடைசியில்தான் கிடைத்தது. அதனால் ஏதாவது உடைந்தால் என்னால் தாங்க முடியாது, யோசித்துச் சொல்லுங்கள். நிறுத்தி வைத்தால் பத்து நிமிஷத்துக்குள் வலது பக்கமாக மெல்லச் சாய்ந்து விழுந்துவிடுகிறது. ஜூன் மழை தொடங்கும்வரை நன்றாகவே நின்றது. வீடு கடலுக்குப் பக்கத்தில், ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் உப்புக் காற்றில் வருஷா வருஷம் துருப்பிடிக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் அப்படி ஆகிவிட்டதா? தனித்தனி ரோபோவாக நிறுத்தினால் ஐந்தும் ஆடாமல் நிற்கின்றன, எனக்குப் புரியாதது அதுதான்.

மார்த்தாண்டம்காரன்:
மூட்டில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டுப் பாருங்க, இறுகிவிடும்.

வடசேரி அண்ணன்:
க்ளூ வேண்டாம் தம்பி. எந்த மூட்டு என்றே தெரியாமல் ஊற்றி, அது உள்ளே ஓடி ஒட்டிக்கொண்டால் அப்புறம் அந்த ரோபோ விமானமாக மாறவே மாறாது. முதலில் இதைச் செய். வலது காலில் இருப்பதைக் கழற்றி வலது கையில் மாட்டு, கையில் இருந்ததைக் காலாக மாட்டு. 1986-ல் வந்த பழைய சுப்பீரியனிலேயே கை கால்களை இடம் மாற்றலாம், இதிலும் அப்படித்தான். (ஆறு கட்டுமான வண்டிகள் சேரும் 1985 டெவஸ்டேட்டரில் இந்த வசதி கிடையாது, அதில் ஒவ்வொன்றுக்கும் ஓரிடம்தான்.) மாற்றிய பிறகும் வலது பக்கமே சாய்ந்தால் கோளாறு சில்வர்போல்ட்டின் இடுப்பில். நேராக நின்று, கை மட்டும் தொங்கினால் கோளாறு அந்தச் சின்ன ரோபோவில். மாற்றிவிட்டு வந்து சொல்.

குளச்சல் தம்பி:
மாற்றிப் பார்த்தேன் அண்ணா. காலில் இருந்தது ஏர் ரெய்டு. அதைக் கையில் மாட்டியதும் சுப்பீரியன் அரைமணி நேரம் நேராக நின்றது, ஆனால் அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. உற்றுப் பார்த்தால் உடம்போடு சேரும் பெரிய முனை மடங்கி வெளியே வருமே, அந்தக் கீல்தான் தளர்ந்திருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மே மாசம் அதே இடத்தில் கிறீச் என்று சத்தம் வந்தது, நான் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டேன். மற்ற நாலுக்கும் விடவில்லை.

வடசேரி அண்ணன்:
அப்போ அதுதான் காரணம், துரு இல்லை. இந்த மாதிரி மூட்டு பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசுவதால்தான் நிற்கிறது, அந்த உரசலை எண்ணெய் எடுத்துவிட்டது. தனி ரோபோவாக இருக்கும்போது அந்த முனை உள்ளே மடங்கிக் கிடக்கிறது, எடை எதுவும் அதன்மேல் வருவதில்லை, அதனால் உனக்குத் தெரியவில்லை. சேர்ந்து நிற்கும்போது மேலே உள்ள உடம்பின் எடை அங்கேதான் இறங்குகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பழைய டூத் பிரஷால் கீலை மடக்கி மடக்கித் தேய். கொதிக்கிற தண்ணீர் கூடாது. மற்ற இடத்தில் கட கட என்று பல் மாட்டிச் சத்தம் வரும் மூட்டுகளை ஒன்றும் செய்யாதே, அவை வேறு வகை.

தக்கலை டு துபாய்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள் மக்கா. கழுவிய பிறகு ஸ்குரூ ஓட்டைகளில் தண்ணீர் நிற்கும், உங்கள் கடற்கரைக் காற்றில் அதுதான் நிஜமான துருவைக் கொண்டுவரும். நன்றாக உதறி, ஃபேன் அடியில் ஒரு நாள் முழுக்க வை. வெயிலில் வைக்காதே, வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். கழுவிய பிறகும் தளர்வாக இருந்தால் மட்டும், நிறமில்லாத நெயில் பாலிஷை உரசும் இடத்தில் மெல்லிசாக ஒரு பூச்சு பூசி, ராத்திரி முழுக்கக் காய விட்டு அப்புறம் மடக்கு. எண்ணெய் இருக்கும்போது பூசினால் உரிந்து வந்துவிடும், ஈரத்தோடு மடக்கினால் ஒட்டிக்கொள்ளும். அலமாரியில் பாச்சை உருண்டை போடும் பழக்கம் வீட்டில் இருந்தால் பொம்மை இருக்கும் தட்டில் மட்டும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல், சில பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும், நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஐப்பசி மழைக்கு முன்னால் புதுப் பொட்டலம் மாற்றிவிடு.

மார்த்தாண்டம்காரன்:
க்ளூ சொன்னது தப்புதான் தம்பி, நல்லவேளை நீ விடவில்லை.

குளச்சல் தம்பி:
முந்தாநாள் கழுவினேன், இரண்டாவது தடவை சோப்புத் தண்ணீர் மாற்றியபோதும் மேலே எண்ணெய் மிதந்தது. நேற்று முழுக்க ஃபேன் அடியில் இருந்தது. நெயில் பாலிஷ் தேவைப்படவில்லை, கீல் இறுகிவிட்டது. இன்று காலை 7 மணிக்கு ஏர் ரெய்டையே பழையபடி வலது காலாக மாட்டி நிறுத்தினேன். இப்போது இரவு 9 மணி, இன்னும் நிற்கிறது. ரொம்ப நன்றி அண்ணா.